கருணைக்கும் கடிவாளம் வேண்டும்

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. முதல் அத்தியாயத்திலேயே தாயையும் தகப்பனையும் சாகடித்துவிட்டு ஒரு குழந்தையை நடுத்தெருவில் நிறுத்தலாம். இருபது அத்தியாயங்கள் அதை அழவைக்கலாம். கடைசி அத்தியாயத்தில் ஒரு தர்மப் பிரபுவைக் காரிலிருந்து இறக்கினால் போதும். பிரபு குழந்தையின் தலையைத் தடவி, "இனிமேல் நீ எங்கள் வீட்டுப் பிள்ளை" என்பார். வாசகர்கள் கண்ணைத் துடைத்துக் கொள்வார்கள். நாங்களும் 'சுபம்' என்று போட்டுவிட்டு அடுத்த கதையை ஆரம்பித்துவிடுவோம்.

அந்தச் சுபத்துக்கு மறுநாள் காலையில் என்ன நடந்தது? பிரபுவின் வீட்டில் அந்தக் குழந்தைக்குக் கூடத்தில் இலை போட்டார்களா, கொல்லைப்புறத்தில் போட்டார்களா? பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்களா, மாடு மேய்க்க அனுப்பினார்களா? அதற்கு ஒரு தம்பியோ தங்கையோ இருந்திருந்தால் அது எங்கே போயிற்று? இந்தக் கேள்விகளைக் கதாசிரியர்கள் சரித்திரத்துக்கு விட்டுவிடுகிறோம். சரித்திரம் சுமார் நூற்றெழுபது வருஷங்களாக இவற்றைக் கேட்டு வந்திருக்கிறது. அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான், குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் தொண்டு செய்கிறவர்கள் அனுசரிக்க வேண்டிய ஒரு தர்மம் உருவாயிற்று. 'சமூகப் பணி' என்று இப்போது காலேஜுகளில் பாடமாகச் சொல்லித் தருகிறார்களே, அந்தத் தர்மம்தான். அதை ஒரு மகான் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதிவிடவில்லை. அதன் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் யாரோ ஒரு குழந்தை பட்ட பாடு இருக்கிறது.

முதலில் நியூயார்க் நகரத்துக்குப் போவோம். அங்கே சார்ல்ஸ் லோரிங் பிரேஸ் என்று ஒரு வாலிபர் இருந்தார். மத போதகராவதற்குப் படித்தவர். ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக ஏழைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. இண்டு இடுக்கான குடியிருப்புகளில் காலராவும் க்ஷயமும் குடும்பங்களை அழித்தன. பத்திரிகை விற்றும், குப்பை பொறுக்கியும், மாடிப்படிகளுக்கு அடியில் படுத்தும் காலம் தள்ளிய ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியரைப் பிரேஸ் கண்டார். அநாதை விடுதியின் நான்கு சுவர்களுக்குள் குழந்தை மனிதனாக வளராது, அதற்கு வேண்டியது ஒரு வீடு என்று அவருக்குத் தோன்றிற்று. எண்ணம் எவ்வளவு சரியானது, பாருங்கள்! 1853-ம் வருஷம் 'சிறுவர் உதவிச் சங்கம்' என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். மறு வருஷம் 40-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ரயிலேற்றி மிச்சிகன் மாகாணத்தில் உள்ள டவேஜியாக் என்னும் சிற்றூருக்கு அனுப்பினார். சில நாட்களுக்குள் பெரும்பாலோருக்கு அங்குள்ள குடியானவர் வீடுகளில் இடம் கிடைத்துவிட்டது.

அதுதான் தொடக்கம். 1929-ம் வருஷம் வரையில் அந்த ரயில்கள் ஓடின. சுமார் இரண்டு லட்சம் குழந்தைகள் மேற்கே போனார்கள். 'அநாதை ரயில்' என்று பின்னாளில் பெயர் வந்தது.

ரயில் ஒரு ஊரில் வந்து நிற்கும். முன்கூட்டியே விளம்பரம் செய்திருப்பார்கள். முகம் கழுவித் தலை வாரிய குழந்தைகளை மாதா கோயிலிலோ நாடகக் கொட்டகையிலோ மேடைமீது வரிசையாக நிறுத்துவார்கள். ஊர் ஜனங்கள் வந்து பார்ப்பார்கள். பிள்ளையில்லாத தம்பதிகள் கண்ணீரோடு ஒரு சிறுமியைத் தூக்கிக்கொண்டு போனதுண்டு. வேலைக்கு ஆள் தேடி வந்தவர்கள் பையன்களின் புஜத்தைப் பிடித்துப் பார்த்ததும், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்ததும் உண்டு. நம் ஊர்ச் சந்தையில் மாட்டுக்குச் செய்கிற பரீட்சைதான். அண்ணனை ஒருவர் எடுத்துக்கொண்டு போவார். தங்கை மறுபடி ரயிலேறி அடுத்த ஊருக்குப் போவாள். பிறகு ஆயுள் முழுவதும் ஒருவரை ஒருவர் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர்.

போன குழந்தைகள் எல்லாம் கெட்டுப் போனார்கள் என்று சொல்ல வரவில்லை. 1859-ல் ஒரே ரயிலில் போன இரண்டு சிறுவர்களில் ஒருவர் வடக்கு டகோட்டா மாநிலத்துக்கும் மற்றவர் அலாஸ்காவுக்கும் கவர்னராக வந்தார்கள். எத்தனையோ வீடுகளில் வந்த பிள்ளை சொந்தப் பிள்ளையாகவே வளர்ந்தது. ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த 'அநாதை'களில் மிகப் பலர் அநாதைகளே அல்ல. தாயோ தகப்பனோ, சில சமயம் இருவருமோ, நியூயார்க்கில் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் செய்த குற்றம் ஏழ்மை ஒன்றே. கணவனை இழந்து துணி தைத்துப் பிழைத்த தாய், "குளிர்காலம் கழியும் வரையில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டுப் போவாள். அவள் திரும்பி வரும்போது குழந்தை ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும்.

பிரேஸ் கெட்ட மனிதரல்ல. 1872-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் பெயரிலேயே அந்த ஏழை ஜனங்களை 'ஆபத்தான வகுப்பார்' என்று குறிப்பிட்டிருக்கிறார். குழந்தைக்கு ஒரு வீடு வேண்டும் என்று கண்டுகொண்டவருக்கு, அதற்கு ஏற்கனவே ஒரு வீடு இருந்தது கண்ணில் படவில்லை. ஓட்டை வீடுதான், ஒண்டுக் குடித்தனந்தான். இருந்தாலும் அதில் தாய் இருந்தாள்.

அதே காலத்தில் லண்டனில் டாக்டர் பர்னார்டோ என்பவரின் பெயர் வீடு தோறும் பிரசித்தமாகிக்கொண்டிருந்தது. அயர்லாந்திலிருந்து வைத்தியம் படிக்க வந்தவர், தெருப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். 1870-ல் ஸ்டெப்னி என்ற பகுதியில் பையன்களுக்கு ஒரு விடுதி திறந்தார். ஒரு நாள், இடமில்லையென்று ஒரு சிறுவனைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. சில நாளில் அவன் குளிரிலும் பசியிலும் செத்துக் கிடந்தான். அதற்குப் பிறகு பர்னார்டோ ஒரு குழந்தைக்கும் இல்லை என்று சொன்னதில்லை. 1905-ல் அவர் இறந்தபோது சுமார் 60,000 குழந்தைகளுக்கு அவருடைய விடுதிகளில் இடம் கிடைத்திருந்தது.

இப்படிப்பட்ட மனிதரும் மத்தியஸ்தர்கள் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. காரணம் போட்டோப் படங்கள். விடுதிக்கு வந்த அன்று கந்தலோடு ஒரு படம். சில மாதம் கழித்துச் சுத்தமான உடையோடு ஒரு படம். இரண்டையும் சேர்த்து அச்சிட்டு விற்று நன்கொடை திரட்டினார்கள். 1877-ல் நடந்த விசாரணையில், சில படங்களில் குழந்தைகளுக்கு வேண்டுமென்றே கந்தல் உடுத்திப் படம் எடுத்திருந்தது வெளியாயிற்று. மற்றக் குற்றச்சாட்டுகள் பலவற்றிலிருந்து பர்னார்டோ விடுபட்டார். இந்தப் படங்களை மட்டும் மத்தியஸ்தர்கள் ஒப்பவில்லை.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்த வழக்கு என்னைப் பிடித்து உலுக்கியது. பாத்திரத்துக்குக் கந்தல் உடுத்திவிடுவது எங்களுக்குத் தினசரி வேலை. அந்தப் பாத்திரம் காகிதத்தில் இருக்கிற வரையில் பாதகமில்லை. பத்து வயதுப் பெண் ஒருத்தி, பின்னால் வளர்ந்து குடியும் குடித்தனமுமாக இருக்கும் காலத்தில், தன் கந்தல் படம் யார் யார் வீட்டு அலமாரியிலோ இருக்கிறது என்று தெரிந்தால் அவள் மனம் என்ன பாடுபடும்? சோறு போட்டவர்களுக்கு அவளுடைய முகத்தை விற்க உரிமை உண்டா? இந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்த விதி, உதவி பெறும் குழந்தையின் மானத்தையும் அந்தரங்கத்தையும் காப்பாற்ற வேண்டும் என்பது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் குழந்தையை வீட்டிலிருந்து பிரிக்கவே கூடாது" என்று யாராவது முடிவு கட்டினால், அவர்களை மறுபடி நியூயார்க்குக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கும். அங்கே மேரி எல்லன் என்ற சிறுமி 1864-ல் பிறந்தாள். தகப்பன் யுத்தத்தில் போய்விட்டான். தாய் வேலைக்குப் போவதற்காகக் குழந்தையை ஒருத்தியிடம் காசு கொடுத்து விட்டுவைத்தாள். காசு நின்றதும் அந்த ஸ்திரீ குழந்தையை நகரத்தின் தர்ம இலாகாவில் கொண்டுபோய் ஒப்படைத்தாள். இலாகா அதை ஒரு தம்பதிக்குக் கொடுத்தது. வருஷந்தோறும் குழந்தையைப் பற்றித் தகவல் தர வேண்டும் என்பது நிபந்தனை. ஓரிரண்டு தடவைக்குமேல் யாரும் தகவல் தரவுமில்லை, இலாகா கேட்கவுமில்லை.

1873-ம் வருஷக் கடைசியில் எட்டா வீலர் என்ற அம்மாள் அந்தப் பேட்டைக்கு வந்தாள். மாதா கோயில் சார்பில் ஏழை வீடுகளுக்குப் போய் உதவி செய்கிறவள். ஒரு வீட்டில் ஒரு குழந்தையைத் தினமும் அடிக்கிறார்கள், வெளியே விடுவதே இல்லை என்று அக்கம்பக்கத்தார் மூலம் கேள்விப்பட்டாள். பக்கத்து அறையில் வியாதியாய்ப் படுத்திருந்த ஒரு ஸ்திரீயைச் சாக்காக வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டினாள். உள்ளே, குளிர்காலத்தில் போதிய துணியில்லாமல், உடம்பெல்லாம் தழும்போடு ஒரு சின்னஞ்சிறு பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எட்டா வீலர் போலீஸிடம் போனாள். சாட்சி கொண்டுவா என்றார்கள். தர்ம ஸ்தாபனங்களிடம் போனாள். சட்டப்படி ஒப்படைத்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். கடைசியில் ஹென்ரி பெர்க் என்பவரிடம் போனாள். அவர் 1866-ல் மிருகங்களுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் சங்கத்தை ஆரம்பித்தவர்!

குழந்தையை மிருகம் என்று சொல்லித்தான் கோர்ட்டில் காப்பாற்றினார்கள் என்று ஒரு கதை இன்றும் உலாவுகிறது. அது உண்மையல்ல. பெர்க்கின் வக்கீல் எல்பிரிட்ஜ் கெர்ரி மனிதர்களுக்குள்ள ஆட்கொணர்வுச் சட்டத்தின் ஒரு பிரிவைத் தேடிப் பிடித்துத்தான் நீதிபதியின் உத்தரவு வாங்கினார். 1874 ஏப்ரல் மாதத்தில் அந்தச் சிறுமியை ஒரு கம்பளத்தில் சுற்றிக் கோர்ட்டுக்குக் கொண்டு வந்தார்கள். வளர்த்தவளுக்கு ஒரு வருஷம் கடுங்காவல் கிடைத்தது. அதே வருஷக் கடைசியில், குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்கும் சங்கம் ஒன்று நியூயார்க்கில் தோன்றியது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பிற்பகுதி. மீட்ட குழந்தையை ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். எட்டா வீலர் அத்துடன் கையைக் கழுவிவிடவில்லை. அந்த இடம் இவளுக்குத் தகுந்ததல்ல என்று வாதாடி, ராச்செஸ்டர் பக்கத்தில் இருந்த தன் தாயாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள். தாயாருக்குப் பிறகு தங்கை வளர்த்தாள். மேரி எல்லன் 1888-ல் கல்யாணம் செய்துகொண்டாள். பிறந்த பெண்ணுக்கு எட்டா என்று பெயர் வைத்தாள். 1956-ல், 92-ம் வயதில் காலமானாள். 'சுபம்' என்று போட வேண்டிய இடம் கோர்ட் தீர்ப்பு அல்ல, இதுதான்.

மேரி எல்லனுக்காகப் பிறந்த அந்த மாதிரிச் சங்கங்களும் அளவு மீறின. பாஸ்டன் நகரத்து ஏழைகள் தங்கள் ஊர்ச் சங்கத்துக்குக் 'கொடுமை' என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். "கொடுமைக்காரர் வந்து பிள்ளையைப் பிடித்துப் போவார்" என்று தாய்மார் அஞ்சினார்கள். கதவைத் தட்டத் தெரிய வேண்டும். எப்போது தட்டுவது, தட்டித் திறந்த பிறகு என்ன செய்வது என்றும் தெரிய வேண்டும்.

1909-ம் வருஷம் ஜனவரி மாதம் வாஷிங்டனில், ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட் தம் வெள்ளை மாளிகையில் ஒரு மகாநாடு கூட்டினார். ஆதரவற்ற குழந்தைகளைப் பற்றி நாடு முழுவதிலிருந்தும் சுமார் இருநூறு பேர் வந்து பேசினார்கள். மகாநாடு வேண்டுமென்று யோசனை சொன்னவரே அநாதை விடுதியில் வளர்ந்த ஒரு வக்கீல். அவர்கள் எடுத்த முக்கியமான முடிவு இது: ஏழ்மை ஒன்றையே காரணமாகக் காட்டி எந்தக் குழந்தையையும் வீட்டிலிருந்து பிரிக்கக் கூடாது. தாய் யோக்கியமானவளாக இருந்து, கையில் காசில்லாமல் தவித்தால், காசைத் தாயிடம் கொடுப்பதே முறை.

கேட்டால், "இதற்கு ஒரு மகாநாடா?" என்று தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அதுவரையில் ஒரு விதவையின் மூன்று குழந்தைகளை விடுதியில் வைத்துச் சோறு போடச் சர்க்காரும் கனவான்களும் தயாராக இருந்தார்கள். அதே பணத்தை அந்த விதவையின் கையில் கொடுக்கத்தான் ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஏழையின் குழந்தையை நம்பினார்கள், ஏழையை நம்பவில்லை. மகாநாட்டுக்கு இரண்டு வருஷம் கழித்து, 1911-ல், இல்லினாய்ஸ் மாநிலம் தாய்மாருக்கு உதவிப் பணம் கொடுக்கச் சட்டம் செய்தது. 1920-க்குள் நாற்பது மாநிலங்களில் அப்படிச் சட்டங்கள் வந்துவிட்டன. பணம் கொஞ்சம், நிபந்தனை அதிகம், கறுப்பு நிறத்துத் தாய்மாருக்குப் பெரும்பாலும் கை விரித்தார்கள். ஆயினும் திசை திரும்பிவிட்டது.

இனி ஒரு மரணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெனிஸ் ஓநீல் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். பெற்றோர் சரியாகக் கவனிக்கவில்லை என்று அவனையும் சகோதரர்களையும் வேல்ஸைச் சேர்ந்த நியூபோர்ட் நகரசபை தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1944-ம் வருஷ மத்தியில் அவனும் தம்பி டெரன்ஸும் இங்கிலாந்தில் ஷ்ராப்ஷையர் ஜில்லாவில் ஒரு பண்ணை வீட்டுக்கு வளர்ப்புப் பிள்ளைகளாகப் போனார்கள். அங்கே பட்டினியும் அடியும்தான். நியூபோர்ட்டிலிருந்து ஒரு பெண் குமாஸ்தா டிசம்பர் 20-ந் தேதி வந்து பார்த்தாள். பையன் இருந்த நிலையைக் கண்டு, உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்று எழுதினாள். அந்தக் காகிதத்தின்மேல் நடவடிக்கை எடுப்பதற்குள் கிறிஸ்துமஸ் வந்தது; புது வருஷமும் வந்தது. 1945 ஜனவரி 9-ந் தேதி டெனிஸ் இறந்துபோனான்.

பண்ணைக்காரனுக்கு ஆறு வருஷம் சிறை, அவன் மனைவிக்கு ஆறு மாதம். சர்க்கார் விசாரணை வைத்தது. அதில் வெளிப்பட்டதுதான் இன்னும் பயங்கரமானது. பையன் ஒரு நகரசபையின் பொறுப்பு. பண்ணை இருந்தது வேறொரு ஜில்லாவில். மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இரண்டு பக்கத்தாரும் இருந்துவிட்டார்கள். ஃபைல் இரண்டு இடத்தில் இருந்தது. பையன் எப்படி இருக்கிறான் என்று தவறாமல் போய்ப் பார்க்க வேண்டிய ஒரு ஆள் எந்த இடத்திலும் இல்லை.

நாவல் பிரியர்களுக்கு ஒரு செய்தி. இந்தச் சம்பவத்திலிருந்து கரு எடுத்துத்தான் அகதா கிறிஸ்டி ஒரு வானொலி நாடகம் எழுதினார். அதுவே வளர்ந்து 'எலிப்பொறி' என்ற பொருள்படும் பெயரோடு 1952-ல் லண்டன் மேடைக்கு வந்தது. 2020-ல் கொள்ளை நோய் வந்தபோது நிறுத்தினார்களே தவிர, தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் பார்த்த நாடகம் அது. கொலைகாரன் யார் என்று கண்டுபிடிப்பதில் முனைந்திருப்பவர்களுக்கு, அதன் அடியில் ஒரு நிஜப் பையன் படுத்திருப்பது ஞாபகம் வருவதில்லை.

அவனை ஞாபகம் வைத்துக்கொண்டவர்கள் வேறு சிலர். மைரா கர்டிஸ் என்ற அம்மையார் தலைமையில் ஒரு கமிட்டி இங்கிலாந்து முழுவதும் சுற்றி, வீட்டை விட்டுப் பிரிந்து வாழ்ந்த சுமார் 1,25,000 குழந்தைகளின் நிலையை ஆராய்ந்தது. 1946-ல் அறிக்கை வந்தது. பல விடுதிகளில் சோறும் துணியும் இருந்தன. இல்லாதது ஒன்று: குழந்தையை அதன் பெயரால் அறிந்து, அதன்மேல் தனியாக அக்கறை வைக்கும் மனிதர். ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனத்திலும் குழந்தைகளுக்கென்றே ஒரு அதிகாரி வேண்டும், பொறுப்பு அவருடையதாக இருக்க வேண்டும் என்றார்கள். 1948-ம் வருஷச் சட்டம் அப்படியே செய்தது. குழந்தையின் நலனே முக்கியம், முடிந்தபோது அதன் சொந்தக் குடும்பத்திடமே திருப்பிச் சேர்க்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இடம் பெற்றது.

அந்தச் சட்டம் பிறந்த அதே நாட்டிலிருந்து, அதே சமயத்தில், குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கப்பல்களும் கிளம்பிக்கொண்டிருந்தன என்றால் நம்புவீர்களா? 1869 முதல் பிரிட்டனின் தர்ம ஸ்தாபனங்கள் ஏழைக் குழந்தைகளைக் கானடாவுக்கு அனுப்பி வந்தன. பர்னார்டோவின் விடுதிகளும் அனுப்பின. மொத்தம் சுமார் ஒரு லட்சம் பேர். போன பிள்ளைகளைப் போய்ப் பார்ப்பார் இல்லையென்று ஆண்ட்ரூ டாயில் என்ற அதிகாரி 1875-லேயே எச்சரித்தார். பிறகு கப்பல்கள் ஆஸ்திரேலியாப் பக்கம் திரும்பின. 1948-க்குப் பின்னும், 1960-களின் இறுதி வரையில் இது நடந்தது. ஆரஞ்சுப் பழமும் வெயிலும் நிறைந்த தேசம் என்று ஆசை காட்டினார்கள். போன இடத்தில் பல குழந்தைகளுக்குக் கிடைத்தது கல்லும் மண்ணும் சுமக்கிற வேலை; சில விடுதிகளில் வெளியே சொல்லக் கூசும் கொடுமைகள். "உன் அப்பா அம்மா இறந்துவிட்டார்கள்" என்று பலரிடம் சொல்லியிருந்தார்கள். சிலருடைய பெயரும் பிறந்த நாளும்கூட மாறிப்போயிருந்தன.

1986-ல் நாட்டிங்ஹாம் நகரத்தில் மார்கரெட் ஹம்ப்ரீஸ் என்ற சமூக ஊழியருக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு ஸ்திரீயின் கடிதம் வந்தது. நாலு வயதில் கப்பலில் அனுப்பப்பட்டவள். தான் யார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். நாலு வயதுக் குழந்தையைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்புவார்களா என்று முதலில் மார்கரெட்டுக்கே நம்பிக்கை வரவில்லை. தேடத் தேட ஆயிரக்கணக்கானவர்கள் வெளிப்பட்டார்கள். மறு வருஷமே அவர்களுக்காக ஒரு டிரஸ்ட் அமைத்தார். பழைய பதிவேடுகளைப் புரட்டி ஒவ்வொருவராகத் தாயோடு சேர்க்கலானார். இறந்துவிட்டார்கள் என்று சொல்லப்பட்ட தாய்மார் பலர் உயிரோடு இருந்தார்கள். பிள்ளை இங்கிலாந்திலேயே ஒரு நல்ல குடும்பத்துக்குத் தத்துப் போயிருக்கிறது என்று அவர்களில் சிலரிடம் சொல்லியிருந்தார்கள். பொய் இரண்டு கரையிலும் ஒரே சமயத்தில் நடந்திருக்கிறது. 2009 நவம்பர் 16-ல் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட்டும், 2010 பிப்ரவரி 24-ல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரௌனும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். அதற்குள் பல தாய்மார் காத்திருந்து காத்திருந்தே கண் மூடிவிட்டார்கள்.

பிரேஸின் ரயிலையும் இந்தக் கப்பல்களையும் அனுப்பியவர்களில் ஈவு இரக்கமற்ற ராக்ஷசர்கள் அநேகமாகக் கிடையாது. அவர்களில் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்றுதான்: "குழந்தாய், உனக்குப் போக இஷ்டமா?"

அதைக் கேட்ட மனிதர் ஒருவர் போலந்தில் இருந்தார். யானுஷ் கோர்ச்சாக் என்பது எழுத்தாளராக அவர் வைத்துக்கொண்ட பெயர். குழந்தை வைத்தியர், கதாசிரியர். 1912-ல் வார்ஸாவில் யூத அநாதைக் குழந்தைகளுக்காகத் திறந்த இல்லத்தின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அங்கே ஒரு கோர்ட் நடந்தது. நீதிபதிகள் குழந்தைகள். உபாத்தியாயர்மேல்கூடப் பிராது கொடுக்கலாம். கோர்ச்சாக்கே பல தடவை பிரதிவாதியாக நின்றிருக்கிறார். அந்தக் கோர்ட்டின் சட்டப் புத்தகத்தில் முதல் தொண்ணூற்றொன்பது பிரிவுகளும் மன்னிப்பதற்காகவே எழுதப்பட்டவை. சிறுவர்களே எழுதும் ஒரு பத்திரிகையையும் 1926-ல் ஆரம்பித்து வைத்தார். குழந்தை என்பது பிற்காலத்தில் மனிதனாகப் போகிற ஒரு ஜீவன் அல்ல, இப்போதே மனிதன்தான் என்பது அவருடைய சித்தாந்தம்.

1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்த இல்லத்தைக் காலி செய்தார்கள். தப்பித்துப் போக அவருக்கு வழி இருந்தது. அவர் போகவில்லை. சுமார் இருநூறு குழந்தைகளோடு நடந்து போய் ரயிலேறினார். டிரெப்ளின்கா முகாமிலிருந்து ஒருவரும் திரும்பவில்லை. பிற்காலத்தில், 1978-ல், குழந்தைகளின் உரிமைகளுக்காக ஒரு சர்வதேச உடன்படிக்கை வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையில் முதலில் பிரேரணை கொண்டுவந்தது கோர்ச்சாக்கின் நாடுதான். 1989-ல் அது நிறைவேறியது. தன்னைப் பற்றிய விஷயங்களில் தன் அபிப்பிராயத்தைச் சொல்லவும், அதைப் பெரியவர்கள் மதித்துக் கேட்கவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்று அதில் ஒரு ஷரத்து இருக்கிறது.

இந்தியா 1992-ல் அந்த உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அதற்கு வெகு காலம் முன்பே, 1920-ல், இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் செய்தது நம் சென்னை மாகாணம். 1930-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தை ஆரம்பித்த வரலாறும் பலர் அறிந்தது. தேவதாசிக் குலத்திலிருந்து வெளியேற விரும்பிய பெண்கள் தாங்களாகவே அடைக்கலம் தேடி அவர் வீட்டுக்கு வந்தார்கள். அவர் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். 2015-ம் வருஷத்திய இளைஞர் நீதிச் சட்டம் பதினாறு நெறிகளை வரிசையாகச் சொல்கிறது. குழந்தையின் நலனே பிரதானம். அதன் பேச்சைக் கேட்க வேண்டும். வளர்க்கும் பொறுப்பு முதலில் குடும்பத்துடையது. விடுதி என்பது கடைசி வழி. அந்தரங்கம் காக்கப்பட வேண்டும். இழிவான சொற்களால் குழந்தையைக் குறிப்பிடக் கூடாது. சட்டப் புத்தகத்தில் படித்தால் வறண்ட வாக்கியங்கள். டவேஜியாக் மேடையில் நின்ற அண்ணனையும் தங்கையையும், மேரி எல்லனையும், டெனிஸையும் தெரிந்தவர்களுக்கு அப்படி இராது.

'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்கிறார்கள் நம் பெரியோர். அதில் ஒரு நுட்பம் உண்டு. ஊட்டி வளர்க்கும்போதும் அது ஊரார் பிள்ளைதான். சோறு போட்ட உரிமையில் அதை நம் பிள்ளையாக்கிக்கொள்ளவும், அதன் முகத்தை ஊருக்குக் காட்டவும், அதன் தாயைத் தள்ளிவைக்கவும் பழமொழி நமக்கு அதிகாரம் கொடுக்கவில்லை.

இதை இவ்வளவு தூரம் சொல்வதற்குக் காரணம், இது சர்க்கார் அதிகாரிகளோடு முடிந்துபோகிற விவகாரம் அல்ல. நம்மில் பலர் பிறந்த நாளுக்கும் திவசத்துக்கும் ஏதாவது ஒரு இல்லத்துக்குப் போய்ச் சாப்பாடு போடுகிறோம். நல்ல காரியந்தான். வடை பாயசத்தோடு இலை போட்டுவிட்டு, குழந்தைகளை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, அதைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்புகிறோமே, அங்கேதான் பர்னார்டோவின் வழக்கு நினைவுக்கு வர வேண்டும். அந்தக் குழந்தைகள் எல்லோரையும் அநாதைகள் என்று வாய் கூசாமல் சொல்கிறோமே, அங்கேதான் பிரேஸின் ரயில் நினைவுக்கு வர வேண்டும். நம் ஊர் இல்லங்களிலும் பல குழந்தைகளுக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். செங்கல் சூளையிலோ, கட்டட வேலையிலோ, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தோ பிழைக்கிறார்கள்.

அடுத்த தடவை போகும்போது இல்லத்தின் நிர்வாகியிடம் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். "இந்தக் குழந்தைகளில் எத்தனை பேருக்கு அம்மா இருக்கிறாள்? கடைசியாக எப்போது வந்து பார்த்தாள்?" நல்ல இல்லமாக இருந்தால் அவர்களுக்குப் பதில் தெரிந்திருக்கும். "வர ஆசைதான், பஸ்ஸுக்குக் காசில்லை" என்று அந்தப் பதில் இருந்துவிட்டால், பாயசத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அந்தத் தாயின் பஸ் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.